செக்யூலரிசம்: மதச்சார்பின்மையா, இம்மையறமா?

செக்யூலரிசம் என்றதும் கை தானாக ‘மதச்சார்பின்மை’ என்று எழுதிவிடுகிறது. அரசைப் பற்றிய பேச்சில் அது சரியான சொல்தான். ஆனால் ‘மதம் இல்லாமல் சமூகத்தில் ஒழுக்கம் நிற்குமா?’ என்ற விவாதத்தில் அதையே போட்டால் பொருள் தடுமாறும். இச்சொல் ஆங்கிலத்தில் உருவாக்கப்பட்டதே அந்த ஒழுக்க விவாதத்தை ஒட்டித்தான்.

வேர், லத்தீன் ‘சேக்குலும்’: ஒரு தலைமுறை, ஒருவர் வாழக்கூடிய நெடிய காலம். கி.மு. 17இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் நடத்திய ‘சேக்குலர் விழா’வுக்கு ஒரு சேக்குலும் 110 ஆண்டு என்று கணக்கிட்டார்கள். விழாவில் நடந்ததோ தெய்வங்களுக்குப் பலியும் பாட்டும். கிறித்தவ லத்தீனில் இது ‘இவ்வுலகம்’ என்ற பொருளுக்கு நகர்ந்தது. மடத்து விதிக்குட்பட்டு வாழாமல் ஊர்மக்களிடையே பணி செய்த பாதிரியார்களுக்கு ‘செக்யூலர்’ குருக்கள் என்று பெயர். எனவே ‘செக்யூலர் என்றால் சாமி இல்லை என்பவர்’ என்ற விளக்கம் வேரிலேயே பொருந்தாது.

‘இசம்’ சேர்ந்தது 1851இல். சேர்த்தவர் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். 1842இல் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதற்காகத் தெய்வநிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்டு ஆறு மாதம் சிறையிருந்தவர். ‘நாத்திகம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே ‘ஒழுக்கங்கெட்டவன்’ என்று மக்கள் காதில் விழுந்ததால் வேறு சொல் தேவைப்பட்டது. அவர் சொன்னது இவ்வளவே: இவ்வாழ்க்கைக்குரிய கடமைகளை இவ்வாழ்க்கையின் பயனைக் கொண்டே தீர்மானிக்கலாம், கடவுள் உண்டா என்பதை அதற்குள் இழுக்க வேண்டியதில்லை. அதே இயக்கத்தின் மற்றொரு தலைவரும் நாத்திகருமான சார்லஸ் பிராட்லா இதை ஏற்கவில்லை. செக்யூலரிசம் நாத்திகத்தில்தான் போய் முடியும் என்றார். இன்றுவரை இரு பொருளும் கலந்தே புழங்குவதற்கு இந்தப் பிணக்கும் ஒரு காரணம்.

மதம் இல்லாமல் ஒழுக்கம் நிற்காது என்ற எதிர்த்தரப்பின் அச்சம் வெறும் பிடிவாதம் அல்ல. வாக்குறுதியும் ஒப்பந்தமும் சத்தியமும் நாத்திகரைக் கட்டுப்படுத்தாது, ஆகவே அவர்களைச் சகிக்கலாகாது என்று 1689இல் வெளியான நூலில் எழுதியவர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்; மதச் சகிப்புக்கு வாதாடிய அதே லாக். அவருக்குச் சற்று முன்பே பிரெஞ்சுத் தத்துவவாதி பியர் பேல், நாத்திகர்களின் சமூகமும் ஒழுங்காக நடக்க முடியும் என்று வாதிட்டிருந்தார். நடைமுறையில் சிக்கல் சத்தியப்பிரமாணத்தில் வெடித்தது. 1880இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் வென்ற பிராட்லா, நாத்திகர் சத்தியப்பிரமாணம் எடுக்கலாமா என்ற தகராறால், முறையாக அவையில் அமர 1886 ஆயிற்று. 1888ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தெய்வத்தின் பேரிலான சத்தியத்துக்குப் பதில் தெய்வத்தைச் சொல்லாத உறுதிமொழியை அனுமதித்தது. இரண்டுக்கும் ஒரே வலிமை. பொய் சொன்னால் ஒரே தண்டனை. தெய்வத்தின் பேரிலான அச்சம் நின்ற இடத்தில் சட்டத்தின் அச்சமும் நிற்க முடியும் என்பதை இது காட்டியது. யாரும் பார்க்காதபோது ஒருவர் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதில் விடையில்லை.

அந்தக் கேள்விக்குத் தமிழில் பழைய வரியே இருக்கிறது. ஆய் என்னும் வள்ளலைப் பற்றி முடமோசியார் பாடிய புறநானூறு 134: ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்’. மறுமைப் பலனுக்காகக் கொடுப்பது அறத்தை விலைக்கு விற்பது என்கிறார். ஆய் கொடுப்பதற்கு அவர் சொல்லும் காரணம் ‘சான்றோர் சென்ற நெறி’. மறுமை உண்டா இல்லையா என்ற பேச்சே இல்லை.

ஆகவே ஹோலியோக் கருதிய பொருளுக்கு ‘இம்மையறம்’ என்பதே நெருக்கமானது. ‘உலகியல் அறம்’ என்றாலும் தவறில்லை. ஆனால் ‘உலகியல்’ என்பதற்கு இன்று ‘காசு பணக் கவலை’ என்ற சாயலும் ஏறிவிட்டது. ‘நாத்திகம்’, ‘இறைமறுப்பு’ இரண்டும் கூடாது.

அரசு, சட்டம், பள்ளி போன்ற அமைப்புகளின் நிலைப்பாட்டுக்கு ‘மதச்சார்பின்மை’. ஆளுக்கு அடைமொழியாக ‘மதச்சார்பற்றவர்’ என்று எழுதும்போதுதான் குழப்பம்: மதமே இல்லாதவரா, மதம் இருந்தும் பொதுவாழ்வில் ஒருபக்கம் சாயாதவரா? முதலாமவரை ‘மதமிலி’ என்றும், மற்றவரை ‘மதச்சார்பின்மையை ஏற்பவர்’ என்றும் பிரித்து எழுதலாம். செக்யூலரைசேஷன் கொள்கையன்று, நிகழ்வு. ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்த 1648இன் வெஸ்ட்பேலியா உடன்படிக்கையில் நடந்ததுபோல் திருச்சபைச் சொத்து அரசர் கைக்குப் போவதைக் குறித்தால் ‘உடைமை மாற்றம்’ என்று நேராகவே எழுதலாம். வாழ்க்கைத் துறைகளில் மதத்தின் பிடி தளர்வதைக் குறித்தால் ‘மதநீக்கம்’.