டைமர் வைத்த குளியலறை விசிறி: சுவிட்சை அணைத்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கிறது

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், வீட்டைத் துடைக்கிறேன், கழுவுகிறேன் என்று தொடங்கி மின் அதிர்ச்சியில் முடிந்த வேலைகளுக்காக ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அழைப்பு வருகிறது. இந்த ஆண்டு வந்த அழைப்பு சிங்கப்பூரின் அங் மோ கியோவில் உள்ள பழைய மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றிலிருந்து. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் படிந்திருந்த தூசியைத் துடைப்பதற்காகப் பிளாஸ்டிக் முக்காலியின்மேல் ஏறியிருக்கிறார். மூடியைக் கழற்றிய கை, டைமர் பலகையின் ஓரத்தில் இருந்த திருகில் பட்டதும் அதிர்ச்சி தாக்கியது. அடுத்த கணமே ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுந்து வீடு முழுவதும் இருண்டது. அவரும் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மனைவி கேட்ட கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது: "சுவிட்சையும் அணைச்சாரு தம்பி, பெட்டியில லைட்டுன்னு எழுதியிருந்ததையும் கீழ இறக்கினாரு. அப்புறமும் எப்படி அடிச்சுது?"

அவர் கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை. பெரும்பாலானவர்கள் செய்வதைவிட ஒருபடி அதிகமாகவே எச்சரிக்கையுடன் இருந்திருக்கிறார். அப்படியும் அடிபட்டார் என்பதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த ஆண்டில் இதே காரணத்துக்காக நான் போன மூன்றாவது வீடு இது.

சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் டைமர் வைத்த ஃபேனுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மக்கள் எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் வாங்குவதில்லை. சாதாரண விசிறிக்குச் சுவிட்சிலிருந்து ஒரு லைவ், அதாவது மின்சாரம் கொண்டுவரும் கம்பி, போகிறது. சுவிட்சை அணைத்தால் அந்த லைவ் நின்றுவிடும். டைமர் விசிறியோ நீங்கள் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்த பிறகும் பத்து, பதினைந்து நிமிடங்கள் சுழல்கிறது. விளக்கு அணைந்த பிறகு அதைச் சுழற்றுவது எது என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தால் போதும். சுவிட்சைக் கடக்காமல், எப்போதும் உயிரோடு இருக்கும் இன்னொரு லைவ் அந்த விசிறிக்குள் வந்து நிற்கிறது. விசிறி நின்றுவிட்டது என்பதற்கு டைமரின் நேரம் முடிந்தது என்று மட்டுமே பொருள். மின்சாரம் போய்விட்டது என்று பொருளில்லை. இரவு மூன்று மணிக்கு, வீடே உறங்கிக் கிடக்கும்போதும், அந்தத் திருகில் 230 வோல்ட் இருக்கிறது. நீங்கள் சுவரில் அணைக்கும் சுவிட்ச், டைமருக்கு "விளக்கு எரிகிறது, எரியவில்லை" என்று சொல்லும் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. அதனை நம்பி விசிறியின் மூடியைத் திறப்பது, ஓடும் வண்டியின் விளக்கை அணைத்துவிட்டு வண்டி நின்றுவிட்டது என்று நம்புவதைப் போன்றது.

அப்படியென்றால் அந்த வீட்டில் விளக்கின் எம்சிபியை (அந்தச் சுற்றை மட்டும் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிய பிறகும் ஏன் அடித்தது? இங்கேதான் புதுப்பிப்புப் பணி செய்தவரின் குறுக்குவழி வருகிறது. நம் வீடுகளில் விளக்குக்கான வயரிங் பெரும்பாலும் எப்படி இருக்கும் என்றால், சுவரில் உள்ள சுவிட்ச் பெட்டியில் நிரந்தர லைவ் இருக்கும், நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பி) இருக்காது. கூரையில் விளக்கு மாட்டும் இடத்தில் நியூட்ரல் இருக்கும், நிரந்தர லைவ் இருக்காது. டைமர் விசிறிக்கு இவை இரண்டும் வேண்டும், கூடவே சுவிட்சைக் கடந்து வரும் லைவும் வேண்டும். முறையாகச் செய்வதென்றால் அதே சுவிட்ச் பெட்டியிலிருந்து குழாய்க்குள் இன்னொரு கம்பியை இழுத்துக் கொண்டுவர வேண்டும். பழைய குழாய்களில் அது அரைநாள் வேலையாகிவிடும். அந்த அரைநாளை மிச்சப்படுத்த, குளியலறைக்கு வெளியே இருக்கும் வாட்டர் ஹீட்டர் சுவிட்சிலிருந்து நிரந்தர லைவை எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டின் பொய்க்கூரையைத் திறந்து பார்த்தபோது, ஹீட்டர் பக்கத்திலிருந்து வந்த மெல்லிய கம்பி ஒன்று, இணைப்புப் பெட்டி எதுவும் இல்லாமல், கறுப்பு டேப் சுற்றப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. டேப்பின் பசை ஈரத்தில் கரைந்து, தொட்டால் கையோடு வந்தது.

இதனால் விளையும் கேடு ஒன்றிரண்டு அல்ல. முதலாவது, ஒரே விசிறிக்கு இரண்டு எம்சிபிகளிலிருந்து மின்சாரம் வருகிறது. ஒன்றை இறக்கினால் மற்றது உயிரோடு இருக்கும் என்பது டிபி பெட்டியை, அதாவது எம்சிபிகள் இருக்கும் மின்பகிர்வுப் பெட்டியை, பார்க்கும் எவருக்கும் தெரிய வழியில்லை. இரண்டாவது, அந்த விசிறி இழுப்பது ஏறத்தாழ 20 வாட், அதாவது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹீட்டரின் எம்சிபியோ 20 ஆம்பியர். தூசி அடைத்து மோட்டார் சிக்கிக்கொண்டு சூடேறினாலும் அந்த எம்சிபிக்கு அது உறைக்கவே உறைக்காது. பல விசிறிகளின் கையேட்டில் 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக இணைக்கும்படி எழுதியிருப்பார்கள். அந்தத் தாள் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

மூன்றாவது கேட்டைப் பற்றிப் பேசும்போதுதான் ஒப்பந்தக்காரர்கள் என்னிடம் வாதிடுகிறார்கள். லைவை ஹீட்டர் சுற்றிலிருந்தும் நியூட்ரலை விளக்குச் சுற்றிலிருந்தும் எடுத்திருக்கிறீர்களே என்றால், "ஆர்சிசிபி விழவில்லையே, அப்படியென்றால் வயரிங் சரிதானே" என்பார்கள். நம் வீவக வீடுகளில் பெரும்பாலும் எல்லா எம்சிபிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆர்சிசிபிதான் இருக்கும். வெளியே போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் அதன் வழியாகவே போய் வருவதால், எந்தச் சுற்றின் நியூட்ரலைக் கடன் வாங்கினாலும் கணக்கு நேராகிவிடும், அது விழாது. ஆனால் பின்னொரு நாள் யாராவது விளக்கின் எம்சிபியை மட்டும் இறக்கிவிட்டு, அந்த நியூட்ரல் இணைப்பைப் பிரித்தால், ஹீட்டர் லைவ் விசிறியின் வழியாக அந்த நியூட்ரல் கம்பியின் முனைக்கு வந்து நிற்கும். நியூட்ரல் அடிக்காது என்று நம்பித் தொடுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஆர்சிசிபியைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அந்த வீடு 1985க்கு முன் கட்டப்பட்டது. அதில் ஆர்சிசிபி இருந்ததில்லை. எல்லா வீடுகளிலும் அது கட்டாயம் என்ற விதி 2023 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்து, ஈராண்டு அவகாசம் கொடுக்கப்பட்டதால்தான் அவர்களும் பொருத்திக்கொண்டார்கள். அது இல்லாமலிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும். ஆயினும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி அதிர்ச்சியே ஏற்படாமல் தடுப்பதில்லை. அதிர்ச்சி நீடிக்காமல் துண்டிக்கிறது. முக்காலியிலிருந்து தூக்கியெறிய அந்த ஒரு கணம் போதும். ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் இருந்தால், மின்சாரம் தரைக்குக் கசியாத வரையில், அது விழவே விழாது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பாருங்கள் என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வருகிறேன்.

இன்னும் இரண்டு தவறுகளை அடிக்கடி காண்கிறேன். ஏற்கெனவே மூன்று கம்பிகள் வந்திருக்கின்றன என்று, பச்சை மஞ்சள் எர்த் கம்பியையே இரண்டாவது லைவாகப் பயன்படுத்திவிடுவது முதல் தவறு. "இந்த ஃபேன் இரட்டைக் காப்பு கொண்டது, எர்த் தேவையில்லை" என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். விசிறிக்குத் தேவையில்லைதான், ஆனால் பச்சை மஞ்சளைப் பார்த்ததும் கூசாமல் கையில் பிடிக்கும் அடுத்த ஆளுக்கு அது தெரியாது. இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். எர்த் கம்பியை வெட்டி எறியாமல், அதற்குரிய முனையில் பத்திரமாக முடித்து வைக்க வேண்டும். மற்றது, நிரந்தர லைவை இழுக்காமலே, விசிறியில் அதற்குரிய முனையையும் சுவிட்ச் லைவ் முனையையும் சிறு கம்பியால் இணைத்துவிடுவது. ஆபத்து குறைவு, ஆனால் டைமருக்குக் கொடுத்த பணம் வீண்: விளக்கை அணைத்ததும் விசிறியும் நின்றுவிடும்.

பழைய வீடுகளில் நிறத்தை நம்பவும் முடியாது. 2009 மார்ச் 1 முதல் லைவுக்குப் பழுப்பு, நியூட்ரலுக்கு நீலம் என்று மாறிவிட்டது. அதற்கு முன் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. மும்முனை வயரிங்கில் நீலமும் ஒரு லைவாக இருந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு தலைமுறைக் கம்பிகளும் கலந்து கிடக்கும் இடங்களில் மீட்டர் சொல்வதை மட்டுமே நான் ஏற்கிறேன். திருப்புளி டெஸ்டர் ஒளிரவில்லை என்பதற்காக எதையும் தொடாதீர்கள். நாங்கள் முதலில் உயிருள்ள ஓர் இடத்தில் மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்போம். பிறகு தொடப்போகும் இடத்தில் பார்ப்போம். மறுபடியும் உயிருள்ள இடத்தில் பார்த்துவிட்டுத்தான் கைவைப்போம்.

வாங்கும்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டைமரோடு ஈரப்பத உணர்வியும் சேர்ந்த விசிறி விலை அதிகம் என்பதனால் உயர்ந்தது என்று எண்ணிப் பலர் வாங்குகிறார்கள். அது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும். சிங்கப்பூரில் வெளிக்காற்றின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும்; உணர்வியை 65இல் வைத்தால் விசிறி நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். நமக்குச் சாதாரண டைமரே போதும். ஷவர் தெறிக்கும் இடத்தில் மாட்டுவதானால் தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரம் உள்ளதா என்று கட்டாயம் பாருங்கள்.

துடைக்க நினைப்பவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: டிபி பெட்டியில் உள்ள முதன்மைச் சுவிட்சையே இறக்குங்கள். ஃபிரிட்ஜ் அரைமணி நேரம் நின்றால் ஒன்றும் கெட்டுவிடாது. மூடியின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். உள்ளே ஒரு திருகையும் தளர்த்தாதீர்கள். வயரிங் வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரை மட்டும் அழையுங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள், முறையாக வேலை செய்பவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த வீட்டில் ஹீட்டரிலிருந்து வந்த கம்பியை முழுவதும் உருவி எடுத்துவிட்டு, விளக்குச் சுவிட்சிலிருந்தே புதிதாக ஒரு கம்பி இழுத்தேன். குளியலறைக் கதவுக்கு மேலே, வெளிப்பக்கத்தில், இரண்டு லைவுகளையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்றைப் பொருத்தினேன். இரண்டு துருவச் சுவிட்ச் போட்டால் ஒரு கம்பி மிஞ்சிவிடும் என்பதால் மூன்று துருவம் கொண்டதையே தேடி வாங்க வேண்டியிருந்தது. அதன்கீழ் "விசிறியைத் திறக்குமுன் இதை அணைக்கவும்" என்று தமிழில் எழுதி ஒட்டினேன். கட்டுப்போட்ட கையோடு வந்த பெரியவர், அதைத் தாமே ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்தார். பிறகு, டைமரைப் பதினைந்து நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள், காலையில் இருவரும் அடுத்தடுத்துக் குளிப்போம் என்றார். வைத்துக் கொடுத்தேன்.