தண்ணி மேல பழி போட்டது போதும், காலைத் தொட்டுப் பாருங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கால் வலின்னு வர்றவங்க நோயையும் காரணத்தையும் சேர்த்தே கொண்டு வந்துடுவாங்க. "நம்மூரு தண்ணி சார், ஃப்ளோரைடு." சரிங்க, ஃப்ளோரைடு பொய்யில்ல. பல்லு கறை புடிச்சு மூட்டும் முதுகும் விறைச்சுப் போனவங்களை நானும் பாத்துட்டுதான் இருக்கேன், அதுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013ல வந்துச்சு. ஆனா கொஞ்ச தூரம் நடந்தா ஆடுசதை கவ்விப் புடிக்குது, ரெண்டு நிமிஷம் நின்னா விட்டுடுது, திரும்ப அதே தூரம் நடந்தா திரும்பப் புடிக்குதுன்னா அது ஆர்ட்டரி (காலுக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய்) அடைப்பான்னு முதல்ல பாக்கணும். முதுகெலும்புக்குள்ள இடம் குறுகி நரம்பு நசுங்கற தண்டுவட நெருக்கத்துலயும் நடந்தா கால் வலிக்கும், ஃப்ளோரைடு முத்தினவங்களுக்கு அது வரவும் செய்யும், ஆனா அவங்க குனிஞ்சாலோ உக்காந்தாலோதான் ஆறும். சும்மா நின்னாலே ஆறுதுன்னா ரத்த ஓட்டம்தான் குறைவு.

இப்ப எழுத வெச்சவரு தக்காளி மண்டியில மூட்டை தூக்கறவரு. சக்கரை உண்டு, பீடியும் உண்டு. ரொம்ப நாளா தைலம் தேய்ச்சிருக்காரு. பக்கத்து வீட்டுக்காரருக்கு நரம்பு சுருட்டல் (வெயின், அதாவது ரத்தத்தைத் திரும்பக் கொண்டு போற குழாய், புடைச்சு முறுக்கிக்கறது), டாக்டர் டைட்டான ஸ்டாக்கிங்ஸ் போடச் சொல்லியிருக்காரு, இவரும் மெடிக்கல்ல அதையே வாங்கி, ராத்திரியும் கழட்டாம மாட்டிட்டுப் படுத்திருக்காரு. நான் உருட்டிக் கழட்டினா பாதம் சில்லுன்னு இருக்கு, கால் மயிர் எல்லாம் கொட்டி தோல் பளபளன்னு, கட்டை விரல் நுனி கருப்பு. "கட்டில்ல இருந்து காலைத் தொங்கப் போட்டாத்தான் சாமி இவருக்குத் தூக்கமே வருது"ன்னு அவங்க வீட்டம்மா சொல்றாங்க. கையில ரத்த ஓட்டம் பாக்கற டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட் வேற, 'நார்மல்'னு. வாங்கிப் பாத்தா வெயினை மட்டும் பாத்திருக்காங்க, ஆர்ட்டரியை யாரும் தொடவே இல்ல.

எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாத விஷயம் இதுதான், அதனால திரும்பவும் சொல்றேன். ஆர்ட்டரி வயலுக்குத் தண்ணி கொண்டு வர்ற வாய்க்கால், வெயின் வடிகால். வடிகால் கெட்டா தேங்குது, அதுக்குக் காலைத் தூக்கி வைக்கணும், இறுக்கமா சுத்தணும். வாய்க்கால் அடைச்சா வர்றதே சொட்டு சொட்டா வருது, அதுல போய் இறுக்கிக் கட்டினா வர்ற சொட்டும் நின்னுடும். ஒருத்தருக்கு வைத்தியம், இன்னொருத்தருக்கு விரலே போயிடும். பக்கத்து வீட்டு மருந்துச்சீட்டை வெச்சு கடைக்குப் போகாதீங்க, தயவுசெஞ்சு.

வெயின் நோயை சி0ல இருந்து சி6 வரைக்கும் பிரிப்போம். மெல்லிசா சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா சி1, புடைச்ச சுருட்டல் சி2, வீக்கம் சி3, தோல் கறுத்துத் தடிச்சா சி4, ஆறின புண் சி5, ஆறாத புண் சி6. மாங்கூழ் ஃபேக்டரியிலயும் ஓசூர் கம்பெனி லைன்லயும் நாள் பூரா நிக்கறவங்க சாயங்காலம் கால் கனக்குதுன்னு வருவாங்க, பெரும்பாலும் இந்த வெயின் தொந்தரவுதான். ஆர்ட்டரிக்கு 1954ல ஃபோன்டேன்ங்கற பிரெஞ்சு சர்ஜன் சொன்ன நாலு படி இருக்கு. முதல் படியில ஒண்ணும் தெரியாது, ரெண்டாவது நடந்தா வலி (200 மீட்டருக்குள்ளயே வந்தா மோசம்), மூணாவது படுத்திருந்தாலும் வலி, நாலாவது புண்ணு, அழுகல். நம்ம மண்டிக்காரர் நாலுல வந்து நிக்கிறாரு.

புண்ணு இருக்கற இடமே பாதி சொல்லிடும். கணுக்கால் உள்பக்கம், ஆழமில்லாம, நீர் கசிஞ்சு, சுத்தி கறுத்த தோல்னா பெரும்பாலும் வெயின். விரல் நுனி, குதிகால்ல, குத்தி எடுத்த மாதிரி காய்ஞ்ச புண்ணுன்னா ஆர்ட்டரி. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால வகுத்துப் பாக்கற ஒரு டெஸ்ட் இருக்கு, ஊசி கூட கிடையாது. 0.9க்கோ அதுக்குக் கீழயோ வந்தா ஆர்ட்டரி அடைப்பு. சக்கரைக்காரங்கள்ல சில பேருக்குக் குழாய் சுண்ணாம்பு மாதிரி இறுகி 1.4க்கு மேல காட்டும், அதைப் பாத்து சந்தோஷப்படக் கூடாது. ஸ்டாக்கிங்ஸ் எழுதறதுக்கு முன்னாடி பாதத்துல நாடி இருக்கான்னு தொட்டுப் பாத்தாங்களான்னு நீங்களே கேளுங்க, தப்பில்ல.

பீடி, சிகரெட் புடிக்கற சின்ன வயசு ஆம்பளைங்களுக்கு கை கால் ரத்தக் குழாய் வீங்கி அடைச்சுக்கற பர்ஜர் நோய்னு தனியா ஒண்ணு உண்டு. அதுல மாத்திரை எல்லாம் அப்புறம், பீடியை அடியோட விட்டாத்தான் விரல் தங்கும். "குறைச்சிட்டேன் சார்"னு சொல்றவங்ககிட்ட பேசிப் பேசி எனக்கே அலுத்துப் போச்சு.

சக்கரைக்காரங்க ஆணிக்காலை பிளேடால சீவாதீங்க. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், வெந்தாலும் தெரியாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல நம்ம சாமனப்பள்ளியில தொடங்கினதுதான், சக்கரை மாத்திரை குடுக்க வீட்டுக்கே வர்ற அக்காகிட்ட காலையும் ஒருதரம் காட்டுங்க. சுருட்டல் வெடிச்சு ரத்தம் பீச்சினா பயந்து கயித்தால கட்டாதீங்க, படுக்க வெச்சு, காலைத் தூக்கி, சுத்தமான துணியால அழுத்திப் புடிங்க, நின்ன பிறகும் ஆஸ்பத்திரிக்கு வரணும்.

ஆபரேஷன், பிரசவம், மாவுக்கட்டு, நீண்ட பஸ் பயணம் இதுக்கெல்லாம் அப்புறம் ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா வெயின்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம், எண்ணெய் போட்டு நீவக் கூடாது, உறைஞ்ச ரத்தக் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. மூச்சு வாங்கினா அங்கயே 108.

இன்னொண்ணு இதை விட அவசரம். கால் திடீர்னு வெளுத்து, சில்லிட்டு, மரத்து, விரல் அசைக்க முடியலன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, சுமார் ஆறு மணி நேரத்துக்குள்ள ஓட்டத்தைத் திறந்தாத்தான் காலைக் காப்பாத்த நல்ல வாய்ப்பு. வர்றப்ப எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு குறிச்சுட்டு வாங்க, நாங்க முதல்ல அதைத்தான் கேப்போம்.