‘தலைமேல் திரை’ அல்ல, தலைநிமிர் காட்சி

கோலாலம்பூரில் விற்கும் புதுக் கார்களின் தமிழ் விளம்பரத்தில் ‘தலைமேல் திரை’ என்று ஒரு வசதியைப் போடுகிறார்கள். பட்டர்வொர்த்தில் நிற்கும் நம் விமானப்படையின் ஹார்னெட் போர்விமானம் பற்றி எழுதும்போதும் அதே பெயர். ‘தலைமேல்’, ‘திரை’ என இரண்டு சொற்கள், இரண்டுமே பிழை.

மூலம் ‘ஹெட்-அப் டிஸ்பிளே’, சுருக்கமாக ஹட். போர்விமானத் துப்பாக்கிக் குறிக்கண்ணாடியிலிருந்து வளர்ந்தது. 1958இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் பக்கனீர், இதைப் பொருத்திய முன்னோடி விமானங்களில் ஒன்று. ‘அப்’ என்பது விமானியின் தலை இருக்கும் நிலை, கருவி இருக்கும் இடமல்ல. கருவிப் பலகையைக் குனிந்து பார்க்காமல், தலை நிமிர்ந்தபடியே, முன்னால் நிற்கும் ஒரு கண்ணாடியில் வேகம், உயரம், பறக்கும் திசை எல்லாம் தெரிகின்றன.

‘தலைமேல்’ என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும். தமிழில் குனிதல், நிமிர்தல், அண்ணாத்தல் மூன்றும் வேறு வேறு. இந்தக் கண்ணாடி நிற்பதோ கண்ணுக்கு நேரே. பயணிகள் விமானத்தில் உண்மையிலேயே தலைக்கு மேல் ஒரு பலகை உண்டு. எரிபொருள் பம்பு, மின்னாக்கி ஆகியவற்றின் பொத்தான்கள் அங்கேதான். அதற்கு என்ன பெயர் வைப்பது? இன்னும் மோசம், இதன் இணையான ‘ஹெட்-டவுன் டிஸ்பிளே’, அதாவது குனிந்து பார்க்கும் கருவிப் பலகைக் காட்சி. அதே வழியில் போனால் அது ‘தலைகீழ்த் திரை’ ஆகிவிடும். தலைநிமிர், தலைகுனி என்று சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். ‘முன்னெச்சரிக்கைக் காட்சி’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஹெட்ஸ்-அப்’ என்றால் முன்னெச்சரிக்கை என்னும் அமெரிக்கப் பேச்சுவழக்கைப் பிடித்துக்கொண்டு, கருவியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் செய்த மொழிபெயர்ப்பு அது.

‘திரை’யும் ஆகாது. திரை மறைப்பது, இது ஊடுருவிப் பார்ப்பது. விமானத்தில் பச்சைக் கோடுகள் தொடுவானத் தொலைவில் இருப்பதுபோல் ஒளியை இணைகதிராக்கி அனுப்புகிறார்கள். தொலைவில் வரும் விமானத்துக்கும் உயர எண்ணுக்கும் இடையே கண் குவியத்தை மாற்ற வேண்டியதில்லை. கண்ணாடியையே ஒரு திரைபோல் பார்க்க வேண்டியிருந்தால் அந்தப் பயன் போய்விடும். ஆனால் விமானியின் கண் ஒரு சிறு எல்லைக்குள் இருந்தால்தான் கோடுகள் முழுதாகத் தெரியும். இருக்கையைத் தாழ்வாக வைத்தால் ஒரு பகுதி வெட்டுப்படும். அதனால்தான் விமானியறையை வடிவமைப்பவர்கள் கண் நிற்க வேண்டிய புள்ளியை முதலில் குறித்து, பிறகே கண்ணாடி, இருக்கை, கைப்பிடிகளை அதிலிருந்து அளக்கிறார்கள்.

‘நிமிர்’ என்று சொன்னதற்காக எல்லாம் கண்ணில் பட்டுவிடும் என்று பொருளல்ல. 1980இல் நாசா வெளியிட்ட ஆய்வில், பாவனைக்கூடத்தில் (சிமுலேட்டர்) இக்கருவியோடு தரையிறங்கிய விமானிகள் சிலர் ஓடுபாதையில் நின்ற விமானத்தைக் கவனிக்கவே இல்லை. பார்வை வெளியே, மனம் கோடுகளில். விமானி சூழலை எவ்வளவு கவனித்திருக்கிறார் என்று சோதிக்க ஒரு முறை உண்டு: பாவனையை நடுவில் நிறுத்தி, எல்லாக் காட்சிகளையும் அணைத்து, ‘உயரம் என்ன, எதிரி எங்கே’ என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட வினாத்தாளில் ‘தலைமேல் திரை’ என்று எழுதினால், பயணிகள் விமானத்தை ஓட்டுபவர் கூரைப் பலகையைப் பற்றித்தான் பதில் சொல்வார்.

எழுதும்போது ‘தலைநிமிர்க் காட்சி’ என்று ஒற்றுப் போடாதீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எஃப்-35 போர்விமானத்திலோ இந்தக் கண்ணாடியே கிடையாது; விவரமெல்லாம் தலைக்கவசத்தின் முகமூடிக் கண்ணாடியில் விழுகிறது. அது தலைக்கவசக் காட்சி.