2.1 எங்கே எழுதியிருக்கிறது?

கிளிநொச்சி அறிவியல்நகரில் ஆய்வறிக்கை எழுதுகிற மாணவர்களும் சரி, குளத்தைத் திருத்தித் தரச்சொல்லித் திட்ட முன்மொழிவு தயாரிக்கிற கமக்காரர் அமைப்புக்காரரும் சரி, பெரும்பாலும் தலைப்புக்கு முன்னால் 2.1, 2.2 என்று கையாலேயே அடிக்கிறார்கள். நடுவில் ஒரு பகுதி புதிதாகச் சேர்ந்தால் அதற்குக் கீழே உள்ள எண்களெல்லாம் பிழையாகிவிடும், பிறகு இரவிரவாக இருந்து திருத்த வேண்டும். இது தேவையே இல்லாத பாடு. ஆவணம் எழுதும் மென்பொருளான வேர்ட் எப்படி எண்ணுகிறது என்று தெரிந்தால் அதை நம்பி விட்டுவிடலாம்.

தானாக வந்த ஒரு தலைப்பெண்ணைக் கிளிக் செய்து பாருங்கள். எண் சாம்பல் நிறமாகும், ஆனால் கர்சர் அதற்குள் போகாது. தேடும் பெட்டியில் 2.1 என்று போட்டாலும் அகப்படாது. ஏனென்றால் அந்த எண் ஆவணத்தில் எழுத்தாக எங்கேயும் இல்லை. வேர்ட் சேமிக்கும் டொக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஸிப் பொதி. பெயரின் கடைசிப் பகுதியை ஸிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பல எக்ஸ்எம்எல் கோப்புகள் கிடக்கும். நீங்கள் அடித்த வாசகம் ஒன்றில், தலைப்பும் பந்தியும் எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல்கள் இன்னொன்றில், எண்ணிடும் விதிகள் வேறொன்றில். தலைப்பைப் பற்றி அங்கே இருப்பதெல்லாம் 'இது இரண்டாம் மட்டத் தலைப்பு' என்ற குறிப்பு மட்டும்தான். சங்கக்கடை வரிசையில் நிற்பவருக்கு அவருடைய இடம் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்களோ அதுதான் இடம், தலைப்பெண்ணும் அப்படித்தான்.

வேர்டில் தலைப்புக்கு ஒன்பது மட்டங்கள், அதேபோன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் பத்து. ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு எண்ணி, அதாவது எண்ணிக்கையை வைத்திருக்கும் கணக்கு, உண்டு. ஆவணத்தை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகும்போது ஒரு தலைப்பு வந்தால் அந்த மட்டத்தின் எண்ணி ஒன்று கூடும், அதற்குக் கீழுள்ள எண்ணிகள் எல்லாம் பூச்சியத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான் விதி. இரணைமடுக் குளம் பற்றிய அறிக்கை என்று வைப்போம். 'நீர்ப்பாசனம்' என்பது 2, அதன் கீழ் இடதுகரை வாய்க்கால் 2.1, வலதுகரை வாய்க்கால் 2.2. அடுத்து 'பயிர்ச்செய்கை' வந்ததும் முதல் எண்ணி 3 ஆகிறது, இரண்டாவது பூச்சியமாகிறது; ஆகவே காலபோகம் 3.1, சிறுபோகம் 3.2. எண்ணைக் காட்டும் வடிவம் விதிக்கோப்பில் %1.%2 என்று இருக்கும். முதல் எண்ணியின் மதிப்பு, ஒரு புள்ளி, இரண்டாவதின் மதிப்பு என்று அர்த்தம்.

பூச்சியத்துக்குத் திரும்பாமலும் வைக்கலாம். இலங்கையின் 1978 அரசியலமைப்பைப் பாருங்கள்: அடிப்படை உரிமைகள் பற்றிய 3ஆம் அத்தியாயம் 10ஆம் உறுப்புரையில் தொடங்குகிறது, மொழி பற்றிய 4ஆம் அத்தியாயம் 18இல். அத்தியாயம் மாறினாலும் உறுப்புரை எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. அமைப்பின் யாப்பு, அதாவது அதன் விதிகள், எழுதுபவர்களுக்கு இது நல்ல முறை, 'உறுப்புரை 14' என்று சொன்னால் குழப்பம் வராது.

செய்யும் விதம் சுலபம். ஹோம் பட்டியில் மல்ட்டிலெவல் லிஸ்ட்டைத் திறந்து, ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று எழுதியிருக்கும் வகையைத் தேர்ந்து, ஒவ்வொரு தலைப்புக்கும் உரிய ஹெடிங் ஸ்டைலைக் கொடுங்கள். ஆட்கள் மாட்டுப்படுவது வேறு இடத்தில். நாலு பேர் நாலு கோப்பில் எழுதி ஒன்றாக ஒட்டும்போது ஒவ்வொரு கோப்பும் தன் பட்டியலையும் கூடவே கொண்டு வந்துவிடும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே அவை வெவ்வேறு பட்டியல்கள், வெவ்வேறு எண்ணிகள், அதனால்தான் நடுவில் திடீரென்று மறுபடி 1 வருகிறது. வெறும் வாசகமாக ஒட்டி, ஸ்டைலைப் புதிதாகக் கொடுத்தால் பிரச்சினை தீரும்.

வசனத்துக்குள் '3.2ஐப் பார்க்க' என்று எழுதவேண்டிய இடத்திலும் எண்ணை அடிக்காமல் குறுக்குக் குறிப்பாக (கிராஸ் ரெபரன்ஸ்) செருகுங்கள். அது தலைப்பெண்ணைப் போல உடனே மாறாது. கடைசியாகக் கணக்கிட்டதையே வைத்துக்கொண்டிருக்கும், முழுவதையும் தெரிவு செய்து எஃப்9 அழுத்தினால் புதுப்பிக்கும். சுட்டிய தலைப்பை அழித்திருந்தால் அந்த இடத்தில் பிழைச்செய்தி வரும், அதைத் தேடித் திருத்திய பிறகே பிடிஎஃப் ஆக்கிப் போட்டோகொப்பிக் கடைக்குக் கொண்டுபோங்கள். பிடிஎஃப்பில் எண்ணிகள் கிடையாது, 3.2 அங்கே சாதாரண எழுத்தாக உறைந்துவிடும். கடைக் கணினியில் எந்த வேர்ட் இருந்தாலும் எண் மாறாது.