ரிக்கர்ஷன் எரர்: தற்சுழற்சிப் பிழையா, விதிவிலக்கா?

பைத்தான் மொழியில் கொஞ்ச நாள் கோடு (நிரல்) எழுதிய எவரும் இந்தச் செய்தியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது: ‘ரிக்கர்ஷன் எரர்: மேக்ஸிமம் ரிக்கர்ஷன் டெப்த் எக்ஸீடட்’. ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே அழைத்துக்கொண்டே போய் (அதுதான் ரிக்கர்ஷன்) அனுமதித்த ஆழத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். பார்த்தவுடன் பலர் நேராகப் போய் லிமிட்டைக் கூட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் சுற்றிலும் பிழையைப் பிடிக்கும் ஒரு ட்ரை-எக்ஸப்ட் போட்டு அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்வதற்கு முன்னால் இந்தச் சொற்களை ஒருமுறை பிரித்துப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

ரிக்கர்ஷன் லத்தீன் வழி வந்த சொல். ‘ரெ’ என்றால் திரும்ப, ‘குர்ரெரே’ என்றால் ஓடுவது. சேர்த்தால் ஓடித் திரும்புதல். கணினிக்கு முன்பே கணிதத்தில் இருந்த சொல்தான், 1931இல் கூர்ட் கோடல் எழுதிய கட்டுரையிலேயே இது வருகிறது. 1960இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை அறிமுகப்படுத்திய கட்டுரையின் தலைப்பில் ஏறியது. ஆனால் ஃபோர்ட்ரான் மொழியின் தரத்துக்குள் ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே அழைப்பதற்கு முறையான இடம் கிடைக்க ஃபோர்ட்ரான் 90 வர வேண்டியிருந்தது.

தமிழில்? தமிழ்நாட்டுப் பள்ளிக் கணினிப் பாடநூலில் ‘தற்சுழற்சி’. தன் + சுழற்சி. ‘மறுநிகழ்வு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது எனக்கு ஒப்பாது. திரும்பத் திரும்ப நடப்பதெல்லாம் ரிக்கர்ஷன் ஆகாது, அது வெறும் லூப்பாகவும் இருக்கலாம். தற்சுழற்சியில் ‘தன்’ இருப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. இருந்தாலும் சுழற்சி என்றதும் ஒரே இடத்தில் சுற்றுவது போலத்தான் மனதில் படுகிறது, உண்மையில் ரிக்கர்ஷன் ஒவ்வோர் அழைப்பிலும் ஒரு படி கீழே இறங்கி, அடியைத் தொட்டு, அதே படிகளில் ஏறி வருவது. என்னைக் கேட்டால் ‘தன்னழைப்பு’ இன்னும் நேராக இருக்கும். ஆனால் பிள்ளைகள் பாடத்தில் படித்துப் பழகிய சொல்லை மாற்றச் சொல்ல மாட்டேன்.

அந்த ‘அடி’ இல்லாமல் போனால்தான் பிழை. ஃபேக்டோரியல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எண் 0 என்றால் 1 என்று திருப்பிக் கொடு, இல்லையென்றால் அந்த எண்ணை அதற்கு ஒன்று குறைந்த எண்ணின் ஃபேக்டோரியலால் பெருக்கு. 5 கொடுத்தால் 4, 3, 2, 1, 0 என்று இறங்கி 120 என்று மேலே வரும். இதற்கே -1 கொடுத்தால்? -2, -3, -4... 0 இனி வரவே வராது. 2.5 கொடுத்தாலும் அதே கதைதான், 0.5க்கு அடுத்து -0.5, பூஜ்யத்தைத் தாண்டிக் குதித்துவிடும். ஒவ்வோர் அழைப்பும் முடியாமல் ஸ்டாக்கில் (அழைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் நினைவக இடத்தில்) காத்திருப்பதால், அடுக்கு 1000ஐ நெருங்கும்போது பைத்தான் தானாகவே நிறுத்துகிறது. இயல்பான லிமிட் அதுதான். அப்போது வரும் டிரேஸ்பேக்கை, அதாவது எந்தெந்த வரி வழியாகப் பிழை வந்தது என்ற பட்டியலை, கவனித்துப் படியுங்கள், ஒரே வரி சில தடவை வந்துவிட்டு, ‘முந்தைய வரி இன்னும் தொள்ளாயிரத்துச் சொச்சம் முறை’ என்று சுருக்கிச் சொல்லும். எந்த வரி திரும்பாமல் ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரி, எக்ஸப்ஷன். நிரல் வழக்கம்போல் ஓட முடியாதபோது எழும் அறிவிப்பு இது, ரிக்கர்ஷன் எரரும் பைத்தானில் இதில் ஒரு வகைதான். இதுவும் லத்தீன்தான்: ‘எக்ஸ்’ வெளியே, ‘காபெரே’ எடுப்பது, அதாவது தனியே வெளியே எடுத்து வைத்தது. தமிழில் ‘விதிவிலக்கு’ நன்றாகவே பொருந்துகிறது. நம் இலக்கண நூல்களில் இயலின் கடைசியில், சொன்ன விதிகளுக்குள் அடங்காமல் மிஞ்சியதை ஏற்றுக்கொள்ள ஒரு ‘புறனடை’ச் சூத்திரம் வைப்பார்கள், எக்ஸப்ட் பகுதி செய்வதும் ஏறக்குறைய அந்த வேலைதான், அதனால் அந்தச் சொல்லும் எனக்குப் பிடிக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஜாவாவில் ஸ்டாக் நிரம்பி வழிந்தால் வருவது எக்ஸப்ஷன் வகையே இல்லை, ‘எரர்’ என்ற தனிக் கிளையில் இருக்கிறது, எனவே பொதுவாக எக்ஸப்ஷனைப் பிடிக்கும் கேட்ச் அதைத் தொடாது. பைத்தானில் அப்படி இல்லை. 2015இல் வந்த 3.5 பதிப்பு வரை இதற்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது, வெறும் ரன்டைம் எரராக வந்தது. இப்போதும் அதன் கீழ்தான், எக்ஸப்ஷன் குடும்பத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே ‘எக்ஸப்ட் எக்ஸப்ஷன்’ என்று போட்டு உள்ளே ஒன்றும் செய்யாமல் விட்டால், உங்கள் நிரலின் தவறு சத்தமில்லாமல் புதைந்துபோகும்.

லிமிட்டைக் கூட்டுவது அதைவிட மோசமாகப் போகலாம். 3.11க்கு முந்தைய பதிப்புகளில் ஒவ்வொரு பைத்தான் அழைப்பும் அடியிலிருக்கும் சி மொழி ஸ்டாக்கையும் தின்னும், லிமிட்டைப் பத்து லட்சம் என்று வைத்தால் எக்ஸப்ஷன் வருவதற்குள் செக்மென்டேஷன் ஃபால்ட் (தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்ட பிழை) ஆகி மொத்த புரோகிராமே செத்துவிடும், பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

எனவே ஃபேக்டோரியலில் முதல் வரியிலேயே எண்ணைச் சோதித்து, எதிர்மறையாக இருந்தால் வேல்யூ எரர் எழுப்புங்கள். பைத்தானின் சொந்த மேத் மாட்யூலும் -1க்கு அதைத்தான் செய்கிறது. தரவு நிஜமாகவே ஆழமானது என்றால் தன்னழைப்பை விட்டுவிட்டு, ஒரு லிஸ்ட்டையே ஸ்டாக்காக வைத்து லூப்பில் ஓட்டலாம்.

பிடிக்கவே கூடாதா என்றால், பிடிக்க வேண்டிய இடமும் உண்டு. வெளியார் அனுப்பும் ஜேசனில் (தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஓர் எழுத்து வடிவத்தில்) அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக ஒரு லட்சம் இருந்தால் ஜேசன் மாட்யூலே ரிக்கர்ஷன் எரர் எழுப்பும், அது உங்கள் தவறு இல்லை. அங்கே பெயர் சொல்லி அதை மட்டும் பிடியுங்கள், அதுவும் ஆரம்ப அழைப்பு நடந்த மேல்மட்டத்தில். ஆழத்திலேயே பிடித்தால், லாக் (நடந்ததன் பதிவு) எழுத நீங்கள் அழைக்கும் ஃபங்ஷனுக்கும் இடமில்லாமல், எக்ஸப்ட் பகுதிக்குள்ளேயே அதே பிழை இன்னொரு முறை கிளம்பும்.