சம்பளத்துடன் ஒரு பயிற்சி: இங்கிலாந்தில் சமூக விளையாட்டுப் பயிற்றுநர் ஆவதற்கான அரசுத் திட்டம்

இங்கிலாந்தில் 16 வயதை எட்டிய, முழுநேரக் கல்வியில் இல்லாத ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டே சமூக விளையாட்டுப் பயிற்றுநர் ஆவதற்கு அரசு வகுத்திருக்கும் வழி, ‘கம்யூனிட்டி ஆக்டிவேட்டர் கோச்’ என்னும் லெவல் 2 அப்ரெண்டிஸ்ஷிப் ஆகும். லெவல் 2 என்பது, 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வில் நல்ல தேர்ச்சி பெறுவதற்கு இணையான நிலை. பலரும் இதைக் கல்லூரிப் படிப்பு என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இது ஒரு வேலை. வேலை ஒப்பந்தம், சம்பளம், சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஆகிய அனைத்தும் முதல் நாளிலிருந்தே உண்டு. பயிற்சிக் கட்டணம் அரசின் நிதியிலிருந்தோ வேலை தருபவரிடமிருந்தோதான் செல்ல வேண்டும். பயிற்சி பெறுபவரிடம் அதற்காக யாரும் பணம் கேட்க முடியாது. கேட்டால் அந்த இடத்தை விட்டு விலகுவதே நல்லது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனி விதிகள் இருப்பதால், இங்கே சொல்பவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்.

இந்தப் பயிற்றுநரின் வேலை போட்டியாளர்களை உருவாக்குவதன்று. உடற்பயிற்சியே செய்யாதவர்களை அசைய வைப்பதும், தொடங்கியவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுமே அவருடைய பொறுப்பு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்றும், 5 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் இயங்க வேண்டும் என்றும் பிரிட்டனின் தலைமை மருத்துவ அலுவலர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த அளவை எட்டாதவர்களே இவரிடம் வருவார்கள். முழங்கால் வலி உள்ள ஒரு பெண்மணி சமூகக் கூடத்தின் சுவரோரம் அமர்ந்து, “நான் சும்மா பார்க்கிறேன், நீங்கள் செய்யுங்கள்” என்று சொல்லும்போது என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான பாடம் என்று நான் கருதுகிறேன்.

அதற்கென்று பயிற்றுநர்கள் கையாளும் ஒரு முறை உண்டு. இடம், செய்யும் செயல், கருவி, ஆட்கள் என்ற நான்கில் ஏதேனும் ஒன்றை மாற்றி, ஆட்டத்தை ஆளுக்கேற்ப அமைத்துக்கொள்வார்கள். பந்தைப் பிடிக்கச் சிரமப்படுபவருக்குத் தூரத்தைக் குறைக்கலாம். சிறிய பந்துக்குப் பதிலாகப் பெரிய, மென்மையான பந்தைத் தரலாம். நின்று செய்வதை நாற்காலியில் அமர்ந்து செய்ய வைக்கலாம். தெரிந்த ஒருவரை ஜோடியாக நிறுத்தலாம். சுவரோரம் அமர்ந்தவர் அந்த நாற்காலியை விட்டு எழாமலேயே ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார். இயக்கம் மிதமான வேகத்தில் இருக்கிறதா என்று அறியவும் கருவி தேவையில்லை. மூச்சு சற்று வாங்கினாலும் பேச முடிந்து, பாட மட்டும் முடியாமல் இருந்தால் அதுவே மிதமான வேகம். இவற்றோடு, தொடங்குமுன் உடல்நலக் கேள்விப் படிவத்தை நிரப்பி வாங்குவது, முதலுதவி, இடரை முன்கூட்டியே கணிப்பது ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன.

யாருக்குத் தகுதி உண்டு என்ற பகுதியைத் தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டும். பயிற்சிக்கான அரசு நிதி கிடைக்க, பயிற்சிக் காலம் முழுவதும் வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும்; பொதுவாகக் கடைசி 3 ஆண்டுகள் பிரிட்டனில் முறையாக வசித்திருக்கவும் வேண்டும். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு இந்த 3 ஆண்டு நிபந்தனை இல்லை. மாணவர் விசாவில் வந்தவர்களின் நிலை வேறு. கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம் வரை வேலை செய்ய அனுமதி இருந்தாலும், தொழில்முறை விளையாட்டு வீரராகவோ விளையாட்டுப் பயிற்றுநராகவோ வேலை செய்வதை அந்த விசாவின் நிபந்தனை பொதுவாகத் தடுக்கிறது. படிப்பின் அங்கமான பணிப்பயிற்சி போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. திறன்சார் பணி விசாவில் வந்தவர்களின் துணைவருக்கும் இதே போன்ற தடை உள்ளது. சனிக்கிழமைகளில் சில மணிநேரம் காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுப்பதும் இந்தத் தடைக்குள் வந்துவிடக்கூடும் என்பதால், தொடங்குவதற்கு முன்பே விசா நிபந்தனையைத் தகுதி பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களும் சேரலாம். தமக்குத் தெரியாத புதிய திறனை இந்தப் பயிற்சி தருவதாக இருந்தால் போதும். 16 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் உரிய ஆங்கில, கணிதத் தகுதி இல்லையென்றால், பயிற்சியோடு சேர்த்து அதையும் முடித்தாக வேண்டும். 19 வயதைக் கடந்தவர்களுக்கு அது தேவையா என்பதை 2025 பிப்ரவரி முதல் வேலை தருபவரே முடிவு செய்துகொள்ளலாம். ஆங்கிலத் தேர்வை அஞ்சியே ஒதுங்கியிருந்தவர்களுக்கு இது பெரிய கதவைத் திறந்திருக்கிறது.

சம்பளத்தில் ஒரு நுட்பம் உண்டு. அப்ரெண்டிஸ்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 8 பவுண்டு. 19 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், எந்த வயதினராயினும் பயிற்சியின் முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கும் இந்த விகிதம் பொருந்தும். 23 வயதில் சேரும் ஒருவருக்கு முதல் ஆண்டில் 8 பவுண்டு கொடுப்பது சட்டப்படி சரியே. ஆனால் பயிற்சி ஓராண்டுக்கு மேல் நீண்டால், முதல் ஆண்டு முடிந்தபின் தொடங்கும் சம்பளக் காலத்திலிருந்து 21 வயதைக் கடந்தவர்களுக்குரிய 12.71 பவுண்டைக் கொடுத்தாக வேண்டும். விகிதம் தானாக மாறிவிடும் என்று நம்பியிருக்காமல், அந்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிடுங்கள்.

வகுப்பு, பயிற்சிப் பட்டறை, கற்றலுக்கான எழுத்து வேலை ஆகியவை சம்பளம் பெறும் வேலை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் உயிர்நாடியான விதி. “மாலையில் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்” என்று சொல்லிவிட்டுப் பகல் முழுவதும் கூம்புகளை அடுக்கவும் வலைகளைக் கட்டவும் மட்டுமே ஒருவரை வைத்திருப்பது விதிமீறல். சேரும்போது கையெழுத்தாகும் பயிற்சித் திட்டத்தில் இந்த மணிநேரக் கணக்கு எழுதப்பட்டிருக்கும். அதன் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டு முதல் தொடங்கும் அப்ரெண்டிஸ்ஷிப்களுக்குக் குறைந்தபட்சக் காலம் 8 மாதம். நடைமுறையில் இன்னும் நீளலாம். முடிவில் ஒரு மதிப்பீடு இருக்கும், அதில் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும்.

பிள்ளைகளோடு வேலை செய்வதால், குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் நடக்கும். மேற்பார்வை இல்லாமல் வாரத்துக்கு ஒரு முறையோ அதற்கு மேலோ பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவது சட்டத்தில் ‘ஒழுங்குபடுத்தப்பட்ட பணி’ ஆகும். பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் உள்ள ஒருவர் அந்தப் பணியில் சேர்வது குற்றம். இளம் பயிற்றுநர்கள் அறிய வேண்டிய இன்னொரு சட்டமும் உண்டு. 2022 ஜூன் 28 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விளையாட்டுப் பயிற்றுநர் நம்பிக்கைக்குரிய பதவியில் இருப்பவராகக் கருதப்படுகிறார். அதனால் 18 வயதைக் கடந்த பயிற்றுநர், தாம் தொடர்ந்து பயிற்சி தரும் 16 அல்லது 17 வயதினருடன் பாலுறவு கொள்வது, அவர் சம்மதித்திருந்தாலும் குற்றமாகும். பெற்றோரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

காலியிடங்கள் அரசின் ‘ஃபைண்ட் அன் அப்ரெண்டிஸ்ஷிப்’ தளத்தில் வெளியாகின்றன. பள்ளிகளில் விளையாட்டு வகுப்பு நடத்தும் நிறுவனங்கள், கால்பந்துக் கழகங்களின் அறக்கட்டளைகள், உள்ளூராட்சிப் பொழுதுபோக்கு மையங்கள் ஆகியவையே பெரும்பாலும் ஆள் எடுப்பவை. நேர்காணலில் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் வேலை, பள்ளி விடுமுறைகளில் சம்பளம் தொடருமா, கற்றலுக்கு எந்த நாள் ஒதுக்கப்படும் என்ற மூன்றையும் தயங்காமல் கேட்கலாம்.

கையெழுத்திடும் முன் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். பிள்ளை அப்ரெண்டிஸ்ஷிப்பில் சேர்ந்ததும் அவருக்காகப் பெற்றோர் வாங்கிவந்த குழந்தைப் பணம் நின்றுவிடும் என்பதால், வரித்துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட நேரும். வாரத்துக்கு 195 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்காத அப்ரெண்டிஸை, உள்ளாட்சிக்கு வீட்டுக்காகக் கட்டும் கவுன்சில் வரியின் கணக்கில் ஓர் ஆளாகச் சேர்ப்பதில்லை. ஆனால் 8 பவுண்டு வீதம் 30 மணிநேரம் வேலை செய்தாலே 240 பவுண்டு ஆகிவிடுவதால், வீட்டில் 18 வயதைக் கடந்த பிள்ளை ஒருவர் இந்தப் பயிற்சியில் சேரும்போது, தனி ஆளுக்குக் கிடைக்கும் 25 சதவீதத் தள்ளுபடியை இதுவரை பெற்றுவந்த தாயோ தந்தையோ அதை இழக்கக்கூடும்.