கேம்பர் வான் ஏன் உள்ளுக்குள் உக்குகிறது?

கட்டி முடித்து ஓராண்டான கேம்பர் வானில் (உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்துக் கட்டிய பயண வான்) ஏறி, கட்டிலின் தலைமாட்டு யன்னலின் கீழ்மூலையைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பலகை இறுகி நின்றால் நல்லது. தேநீரில் தோய்த்த பிஸ்கட்போல அமுங்கினால், அந்த மூலைக்குப் பின்னால் பல மாதமாக ஈரம் இருக்கிறது. மேலே ஒட்டிய தாள் அப்போதும் புதிதுபோல மின்னிக்கொண்டுதான் இருக்கும். வாங்குபவர் ஏமாறுவது அந்த மினுக்கத்தில்தான்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. கொழும்பில் கைமாறும் கேம்பர்களில் பல, பழைய வானையோ சிறிய லொறியையோ கராஜில் மாற்றிக் கட்டியவை. எஞ்சினைப் பார்க்க எல்லோருக்கும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கிறது. ஆனால் பின்னால் கட்டிய வீட்டைச் சோதிக்கத் தெரிந்தவர் அரிது. மெத்தை, விளக்கு, அலுமாரிக் கதவு ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு வரும் மனக்குறை அநேகமாக ஒரே இடத்திலிருந்து வருகிறது: மூட்டுகள். தகரமும் தகரமும், தகரமும் பலகையும், வயரும் பெட்டரியும் சேரும் இடங்கள்.

முதலில் கூரை. கொழும்பு வெயிலில் நிற்கும் வானின் கூரைத் தகடு 65 பாகை செல்சியஸை எளிதாகத் தொடும். மழை விழுந்ததும் சில நிமிடத்தில் 25க்கு இறங்கும். 5 மீற்றர் நீளமான அலுமினியத் தகடு 40 பாகை மாற்றத்துக்கு ஏறத்தாழ 4.6 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். அதன் கீழுள்ள மரச்சட்டம் தன் நீளவாக்கில் ஒரு மில்லிமீற்றர்தான் அசையும். மிச்சம் மூன்றரை மில்லிமீற்றரை இரண்டுக்கும் நடுவே இருக்கும் பசைதான் ஒவ்வொரு நாளும் தாங்க வேண்டும். நல்ல பொலியூரித்தேன் பசை தன் அகலத்தில் கால்பங்கு அளவு இழுபடும். அதாவது ஒரு மில்லிமீற்றர் அசைவுக்குக்கூட நான்கு மில்லிமீற்றர் அகலமான பசைப் பட்டி தேவை. திருகாணியை இறுக்கிப் பசையை முழுவதும் பிதுக்கி எடுத்துவிட்டால், இழுபட அங்கே எதுவுமே இல்லை. வெளியே வழிந்த பசையை அழகாக வழித்துவிட்டிருப்பார்கள், பார்க்க நேர்த்தியாக இருக்கும். முதல் வெயில் காலத்திலேயே பிளந்துவிடும்.

குளியலறைக்குப் பாவிக்கும் சாதாரண சிலிக்கனைக் கூரையில் பூசியிருந்தால் பிரச்சினை இரட்டிப்பு. பூசும்போது வினாகிரி மணக்கும் வகை, உலரும்போது அமிலம் விட்டு இரும்புத் தகட்டில் கறள் பிடிக்க வைக்கும். அதோடு, காய்ந்த சிலிக்கனின் மேல் வேறு வகைப் பசை எதுவும் சரியாக ஒட்டாது. ஏணி போட்டுக் கூரையைப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நிறத்தில் பசை தெரிந்தால் அது ஒழுகி, பூசி, மீண்டும் ஒழுகிய கூரை. அந்த வானை விட்டுவிடுவதே நல்லது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசும் வேலைக்கு உடன்படும் கராஜ் கிடைப்பது கடினம்.

கூரைக்குத் தண்ணீர் மேலிருந்து வருகிறது. சுவருக்கு அது கீழிருந்தும் ஏறும். 0.1 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே, மேற்பரப்பு இழுவிசையால் மட்டும் தண்ணீர் 14 சென்ரிமீற்றர் வரை ஏற முடியும். திரி எண்ணெயை இழுப்பதும் இந்த வகைதான். ஓட்டம் இதை இன்னும் மோசமாக்கும். தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது முகப்பில் விழும் காற்றழுத்தம், தண்ணீரைக் கிட்டத்தட்ட 47 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தள்ளப் போதுமானது. ஆகையால் நிறுத்தி வைத்து மழையில் சோதித்த வான், காலிக்கு ஒருமுறை போய் வந்ததும் ஒழுகலாம்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். கொழும்புக்கென்று தனியாக ஒன்று உண்டு, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பாவில் உள்ளே சூடு, வெளியே குளிர். மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வரும் நீராவி உள்ளிருந்து வெளியே போய்க் குளிர்ந்த வெளித்தகட்டில் வியர்க்கும். அதனால் அங்கே ஈரத்தைத் தடுக்கும் பொலிதீன் தாளைச் சுவரின் உட்பக்கத்தில் வைக்கிறார்கள். இங்கே திசை மாறுகிறது. வெளியே 30 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் அந்தக் காற்று 26 பாகையில் தொடும் எந்தப் பொருளிலும் வியர்க்கத் தொடங்கும். உள்ளே ஏசியை 22 இல் வைத்துத் தூங்கினால் உட்சுவர்ப் பலகை 26க்குக் கீழே போய்விடும். வெளிக்காற்று தகட்டு இடுக்குகள் வழியாக உள்ளே வந்து, பலகையின் பின்முதுகில் துளித்துளியாகப் படியும். ஐரோப்பியப் படங்களைப் பார்த்து உட்பக்கம் பொலிதீன் ஒட்டியிருந்தால், அந்தத் தண்ணீர் வெளியே வரவும் முடியாது. மழை ஒரு சொட்டுக்கூட உள்ளே வராத வானும் இப்படித்தான் உக்கிப்போகிறது.

மருந்து எளிது: தகட்டுக்கும் வெப்பக்காப்புக்கும் நடுவே காற்று நிற்க இடமே விடக்கூடாது. ஏசிக் குழாயைச் சுற்றுகிறார்களே, அந்தக் கறுப்பு இறப்பர் பஞ்சு தாளாகவும் வரும். அதை வெளித்தகட்டின் உட்பக்கத்தில் முழுவதும் ஒட்ட வேண்டும், மூட்டுகளுக்கும் பட்டி போட வேண்டும். ரெஜிபோம் துண்டுகளை வெட்டிச் செருகினால் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் காற்று ஓடும். கண்ணாடிப் பஞ்சு இன்னும் கெடுதல், ஈரத்தைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். கட்டும்போது எடுத்த படங்களை விற்பவரிடம் கேளுங்கள். பலகை அடிக்கும் முன் எடுத்த படம் இல்லை என்றால், ஒரு விளக்கையோ சுவிட்சையோ கழற்றி அந்தத் துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்க்கலாம்.

பலகையில் ஊசி குத்தி ஈரம் அளக்கும் கருவியில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகள் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 20ஐத் தாண்டினால் கவலை என்று சொல்கின்றன. ஆனால் கொழும்புக் காற்றில் சும்மா வைத்த உலர்ந்த மரமே 15, 16 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். எனவே எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். யன்னலிலிருந்து தள்ளி, அலுமாரிக்குள் இருக்கும் நடுச்சுவரில் ஒன்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யன்னல் மூலைகள், கூரை வென்டிலேற்றரின் நான்கு பக்கம், பின்கதவின் மேல்விளிம்பு, சக்கர வளைவு. ஐந்து புள்ளிக்கு மேல் கூடினால் அங்கே தண்ணீர் வருகிறது. 28, 30க்கு மேல் போனால் பூஞ்சணம் மரத்தைத் தின்னும் அளவு. ஊசி அலுமினியத் தகட்டிலோ வெள்ளித் தாளிலோ பட்டால் பொய்யாக உயர்ந்து காட்டும். ஓரிடத்தில் இரண்டு மூன்று தரம் குத்துங்கள்.

ஹோஸால் தண்ணீர் அடித்து ஒழுக்குப் பார்க்கும் சோதனையை எப்போதும் கீழிருந்து மேலே செய்யுங்கள். யன்னலின் அடிவிளிம்பில் பத்து நிமிடம், பிறகு பக்கங்கள், பிறகு மேல்விளிம்பு, கடைசியில்தான் கூரை. உள்ளே ஒருவர் டோர்ச்சோடு இருக்க வேண்டும். கூரையிலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எந்த மூட்டு ஒழுகியது என்று தெரியாமல் போய்விடும். உயர் அழுத்தக் கழுவல் இயந்திரம் வேண்டாம், நல்ல இறப்பரையும் அது பிளந்துவிடும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் நின்ற வான் என்றால் அலுமினியத்தில் இறக்கிய கறைபடா உருக்குத் திருகாணிகளைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கிறதா பாருங்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் ஒரு சின்னப் பெட்டரியாகி, அலுமினியம் கரைகிறது. துளை பெருத்து ஆணி தளர்ந்துவிடும்.

பலகையில் ஏமாற்றுவது எளிது. மர இழையை அமுக்கிச் செய்த எம்.டி.எஃப் பலகை ஈரத்தில் ஊதும், திரும்பச் சுருங்காது. பிளைவூட்டில் ஈரம் தாங்காத யூரியாப் பசை போட்டது, ஈரம் தாங்கும் ஃபீனோலிக் பசை போட்டது என்று வகை உண்டு. வெட்டி மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்க வைத்தால், யூரியா வகை ஏடுஏடாகப் பிரியும். புதிதாகக் கட்டச் சொல்லிப் பணம் கொடுப்பவர் இதை முதல் நாளே செய்யலாம்.

மின்சாரத்தில் குறை அதே மூட்டுதான். 12 வோல்டில் 1000 வாட் இன்வேட்டர் ஓடினால் 90 அம்பியருக்கு மேல் இழுக்கும். சரியாக நசுக்காத ஒரு முனையில் ஓமின் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தாலே அங்கே 40 வாட் வெப்பம் பிறக்கும். ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோலின் சூடு அது, பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே. கேத்தலைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட விட்டு, நிறுத்திய பிறகு பெட்டரி முனைகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த முனையை மாற்ற வேண்டும். பெரிய பியூஸ் பெட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இரவில் தானாக நின்றுவிடுகிறது என்பது அடிக்கடி கேட்கும் குறை. ஃபிரிட்ஜைச் சபிக்கும் முன் வயரைப் பாருங்கள். 5 அம்பியர், 6 மீற்றர் தூரம், 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் போய்வரும் வழியில் 0.7 வோல்ட் தொலையும், வோல்ட் குறைந்தால் ஃபிரிட்ஜ் தன்னை நிறுத்திக்கொள்ளும். 4 சதுர மில்லிமீற்றர் போட்டால் 0.26தான்.

கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இல்லாத வானில் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. 2021 இறுதியில் நம் வீடுகளில் நடந்த வெடிப்புகளை மறந்திருக்க முடியாது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியும் வரும். சமைக்கும்போது யன்னலைத் திறக்க அதுவும் ஒரு காரணம்.

எடையையும் ஒரு எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், தண்ணீர்த் தொட்டி நிறைந்த நிலையில். 100 லீற்றர் தொட்டி 100 கிலோ. 12 மில்லிமீற்றர் பிளைவூட் எட்டுக்கு நாலு அடித் தாள் ஒன்று 20 கிலோவுக்கு மேல். பின்சக்கர அச்சு தாங்கக்கூடிய எடை கதவுத் தகட்டில் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். மாற்றிக் கட்டிய விடயம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

புதிதாகக் கட்டுவிப்பவர் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, பசையின் வகை, வயரின் தடிப்பு, பலகையின் தரம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். எழுத்து இருந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடவும் கையில் ஆதாரம் இருக்கும். மிச்சப் பணத்தைக் கொடுக்கும் நாளை ஒக்டோபர், நவம்பர் மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அளந்து குறித்த அதே இடங்களில் ஈரக்கருவியை அன்று மறுபடியும் குத்திப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.